திருக்கழுக்குன்றம்: மலையும் தாழக்கோயிலும்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் பாதி வழியில் இருக்கிறது திருக்கழுக்குன்றம். இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒரே தூரம், 15 கிலோமீட்டர் அளவில். இந்த இடவசதியே ஊருக்குப் பாதகமாகிவிட்டது. மாமல்லபுரத்துக்கு வேன் எடுத்து வருகிறவர்கள் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ ஒரு மணி நேரம் ஒதுக்கி, அடிவாரத்தில் அண்ணாந்து பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இந்த ஊருக்கு ஒரு முழுப் பகல் கொடுங்கள். மலைக்கோயில், தாழக்கோயில், சங்குத் தீர்த்தம், இறங்கும் வழியில் உள்ள ஒருகல் மண்டபம் என்று நான்கும் சேர்ந்ததுதான் இந்தத் தலம்.

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். கழுகுகள் இப்போது வருவதில்லை.

1990-களின் இறுதிவரை நாள்தோறும் உச்சிப்பொழுதில் இரண்டு கழுகுகள் இந்த மலைக்கு வந்துகொண்டிருந்தன. மலைமேல் ஒரு பாறையில் தேசிகர் சர்க்கரைப் பொங்கல் வைத்துக்கொண்டு காத்திருப்பார். வானத்தில் வட்டமடித்து இறங்கி, தத்தித் தத்தி நடந்து வந்து, அவர் கையருகிலேயே உண்டுவிட்டுப் பறந்துபோகும். பார்க்கக் கூட்டம் கூடும். வடநாட்டு யாத்ரீகர்களுக்கு இந்த ஊர் 'பட்சி தீர்த்தம்' என்றே தெரியும். இன்றும் ஐம்பது வயதைக் கடந்த சென்னைவாசி யாரைக் கேட்டாலும், சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து கழுகைப் பார்த்த கதை ஒன்று வைத்திருப்பார்.

தலபுராணம் இந்தப் பறவைகளை முனிவர்கள் என்கிறது. யுகத்துக்கு இருவராகச் சாபத்தால் கழுகாகி இங்கே வழிபட்டு விடுதலை பெறுகிறார்கள். திரேதாயுகத்தில் சம்பாதி, சடாயு. கலியுகத்தில் சம்பு, ஆதி. காலையில் காசியில் நீராடி, நண்பகலில் இங்கே உண்டு, பிறகு இராமேசுவரம் போவார்கள் என்று கதை நீளும். பறவையியல் அறிந்தவர்கள் சொல்வது வேறு. வந்தவை மஞ்சள்முகப் பாறுகள். வெள்ளை உடல், இறக்கை ஓரத்தில் கறுப்பு, மயிரில்லாத மஞ்சள் முகம். பாறை இடுக்கில் கூடு கட்டி ஓரிடத்திலேயே நீண்டநாள் தங்கும் இனம். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி 1977-இல் இந்தப் பறவைகளைப் பற்றிப் பறவை ஆர்வலர் இதழ் ஒன்றில் எழுதியிருக்கிறார்.

ஏன் நின்றுவிட்டன என்பதற்கு ஊரில் பல காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் கலி முற்றிவிட்டது என்பதில்தான் போய் முடியும். இந்தியா முழுவதுமே அந்தக் காலகட்டத்தில்தான் பாறுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. 2006-இல்தான் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தரக்கூடாது என்று அரசு தடை விதித்தது. மூன்று நூற்றாண்டுக்கு மேலாக எழுத்தில் பதிவான ஒரு வழிபாடு நம் கண்முன்னால் நின்றுபோனது எனக்கு ஆறாத வருத்தம். மலையேறும்போது பிள்ளைகள் கேட்டால் தலபுராணக் கதையோடு இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க வேண்டுமென்றால் இப்போது முதுமலை, மாயாறு பக்கம்தான் போக வேண்டும்.

மலைக்கு முன் வரலாறு

நான்கு வேதங்களும் இங்கே நான்கு குன்றுகளாக நிற்கின்றன, அதர்வண வேதக் குன்றின் உச்சியில் சிவன் அமர்ந்திருக்கிறார் என்பது ஐதீகம். அதனால் மலை வேதகிரி, சுவாமி வேதகிரீசுவரர். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். தொண்டைநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் 32-இல் இதுவும் ஒன்று. மாணிக்கவாசகருக்கு இறைவன் இங்கே காட்சி கொடுத்தார் என்பார்கள். திருவாசகத்தில் இந்த ஊருக்கென்று தனிப் பதிகம் இருக்கிறது. அருணகிரிநாதரும் பாடியிருக்கிறார். அந்தகக்கவி வீரராகவ முதலியார் இத்தலத்துக்குப் புராணமும் உலாவும் இயற்றினார்.

பாட்டுக்கு ஈடாகக் கல்லும் இங்கே பேசுகிறது. இந்த ஊர்க் கல்வெட்டுகளில் ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டுக் கோயில்கள் எப்படி ஆயிரம் ஆண்டைக் கடந்து நின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஸ்கந்தசிஷ்யன் என்ற பழைய பல்லவ மன்னன் இந்த மலைக்கோயிலுக்கு நிலம் விட்டு, அதற்கு வரி இல்லை என்று எழுதிக்கொடுத்தான். பிறகு வாதாபியை வென்ற நரசிம்மவர்மன், அதாவது மாமல்லபுரத்துக்குப் பெயர் கொடுத்த மாமல்லன், அதே கொடையை அப்படியே நிலைநிறுத்தினான். வாதாபிப் போர் 642-இல். அதற்குப் பின் இரண்டரை நூற்றாண்டு கழித்துப் பல்லவர் ஆட்சியே முடிந்து தொண்டைநாடு சோழர் கைக்கு வருகிறது. ஆட்சி மாறினால் பழைய ராஜா கொடுத்த இறையிலி செல்லுமா? ஒருவர் விண்ணப்பிக்கிறார். சோழன் இராசகேசரிவர்மன், இவனை முதலாம் ஆதித்தன் என்று கொள்கிறார்கள், தன் 27-ஆம் ஆட்சியாண்டில் முன்னோர் வைத்தபடியே இருக்கட்டும் என்று புதுப்பித்துத் தருகிறான். தன்னால் தோற்கடிக்கப்பட்ட வம்சத்தின் இரண்டு அரசர்களைப் பெயர் சொல்லி, அவர்கள் போட்ட கையெழுத்துக்குத் தானும் கட்டுப்படுகிறான். அதோடும் நிற்கவில்லை. 949-இல் தக்கோலத்தில் சோழரை வீழ்த்தி வந்த இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன், அவன் ஆட்சியாண்டுகளிலும் இந்தக் கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு. அரசர்கள் வந்து வந்து போனார்கள். மலைமேல் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

மலை ஏறுதல்

படிகள் ஏறக்குறைய 560. சில இடங்களில் செங்குத்து. நிதானமாக ஏறினால் அரை மணியிலிருந்து முக்கால் மணி. ஏறி இறங்கி மலைக்கோயிலைச் சுற்றிப் பார்க்க இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

காலணியை அடிவாரத்திலேயே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். இதனால்தான் நேரம் முக்கியமாகிறது. பங்குனி, சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கே கல் சுடத் தொடங்கிவிடும். பதினோரு மணிக்கு இறங்கும் குழந்தைகள் அழுவார்கள். மலைக்கோயில் நடை தாழக்கோயிலைவிடத் தாமதமாகத் திறந்து, மாலையில் முன்னதாகவே சாத்தப்படும். ஆகவே காலையில் முதலில் தாழக்கோயிலை வணங்கிவிட்டு, மலையில் நடை திறக்கும் நேரத்துக்கு மேலே போய்ச் சேரும்படி கிளம்புவதே சரியான முறை. நேரம் விழாநாளில் மாறும். தாழக்கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஏறுங்கள். வெயில் காலத்தில் மாலைதான் முடியும் என்றால் நாலு மணிக்குமுன் படியில் கால் வைத்துவிடுங்கள்.

குரங்குகள் உண்டு. பழமும் தேங்காயும் கையில் தொங்கும் பையில் இருந்தால் அது உங்களுடையது இல்லை என்று ஆகிவிடும். முதுகுப் பையில் வைத்து மூடிக்கொள்ளுங்கள். தண்ணீர் அவசியம். முட்டிவலிக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் டோலி கிடைக்குமா என்று அடிவாரத்தில் விசாரிக்கலாம்; கிடைத்தால் கூலியை ஏறுமுன்பே பேசி முடித்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. இதய நோய் உள்ளவர்கள் வீம்புக்கு ஏற வேண்டாம். தாழக்கோயிலில் வணங்கி மலையைப் பார்த்துக் கைகூப்பினால் அதுவும் இங்கே தரிசனம்தான்; பௌர்ணமியில் கிரிவலம் வருகிறவர்கள் எல்லோரும் மலை ஏறுவதில்லை.

மேலே கோயில் சிறியது. கருவறையை நின்று பாருங்கள். செங்கல் அடுக்கிக் கட்டியது போலவோ, கல்லை வரிசையாக வைத்துக் கட்டியது போலவோ இருக்காது. பக்கத்துக்கு ஒன்றாக மூன்று பெரும் பாறைப் பலகைகளே சுவராக நிற்கின்றன. அவற்றில் உள்முகமாகச் சிற்பங்கள் இருக்கின்றன. தீபாராதனையின்போது சுடர் ஒரு பக்கம் சாயும் கணத்தில் அந்த உருவங்களின் விளிம்பு தெரியும். கூட்டமில்லாத நாளில் குருக்களைக் கேட்டால் விளக்கைச் சற்றுத் தூக்கிக் காட்டக்கூடும். அம்பாள் சொக்கநாயகி. இந்திரன் இடியாக இறங்கி இங்கே பூசை செய்கிறான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. விமானத்தின் வழியே இடி இறங்கிச் சுவாமியைச் சுற்றிவிட்டு மறையும் என்பார்கள்.

பிரகாரத்திலிருந்து கீழே பார்த்தால் ஊரின் அமைப்பு ஒரே பார்வையில் விளங்கும். நேர் கீழே தாழக்கோயிலின் கோபுரங்கள்; தள்ளிச் சதுரமாக சங்குத் தீர்த்தம்; அதற்கப்பால் ஏரிகள், பனைமரங்கள்.

இறங்கும் பாதை

வந்த வழியே திரும்பிவிடாதீர்கள். இறங்க வேறு பாதை உண்டு, அதில்தான் ஒருகல் மண்டபம் இருக்கிறது. இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டுமே நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பாறையைக் குடைந்து எடுத்த பல்லவர் குடைவரை. தடித்த தூண்கள் இரண்டு வரிசை, உள்ளே லிங்கம் அமைந்த கருவறை, வாயிற்காவலர், பின்சுவரில் பிரம்மாவும் திருமாலும். மாமல்லபுரத்துக் குடைவரைகளைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது அவற்றின் உறவு என்று பார்த்த மாத்திரத்தில் புரியும். வாதாபி கொண்ட நரசிம்மன் பெயர் வரும் பழந்தமிழ்க் கல்வெட்டும் இங்கே உண்டு. பல்லவர் கல்வெட்டுகள் பெரும்பாலும் வடமொழியில் இருந்த காலத்தில் தமிழில் வெட்டியது என்பதால் அதற்குத் தனி மதிப்பு.

இப்போது தூண்களை நெருங்கிப் பாருங்கள். ரோமன் எழுத்தில் பெயர்களும் ஆண்டுகளும் தெரியும். இன்றைய காதலர்கள் கிறுக்கியவை என்று ஒதுக்கிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அவை 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் செதுக்கிய பெயர்கள். பக்கத்துக் கடற்கரையில் சதுரங்கப்பட்டினத்தில் துணி வணிகத்துக்காகக் கோட்டை கட்டி இருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், ஓய்வுநாளில் இந்த மலைக்கு வந்து கழுகுகளைப் பார்த்துவிட்டு, இந்த நிழலில் உட்கார்ந்து, உளி வைத்துப் பெயர் வெட்டியிருக்கிறார்கள். எழுத்துகள் அவசரமாகக் கீறியவை இல்லை. சிலவற்றில் முதலெழுத்துக்குச் சுழி கொடுத்து, ஆண்டைச் சீராக வெட்டியிருக்கிறார்கள். விரல் வைத்துத் தடவத் தோன்றும். வேண்டாம், கண்ணால் பாருங்கள். தொல்லியல் சின்னத்தில் அன்று அவர்கள் செய்தது நமக்கு வரலாறாகிவிட்டது என்பதால் இன்று நாம் செய்வதும் வரலாறாகிவிடாது. சாவியும் கல்லுமாக நிற்கும் இளைஞர்களைப் பார்த்தால் அன்பாகத் தடுத்துச் சொல்லுங்கள்.

தாழக்கோயில்

ஊர்க்காரர்கள் கீழ்க்கோயிலைத் தாழக்கோயில் என்பார்கள். சுவாமி பக்தவத்சலேசுவரர், அம்பாள் திரிபுரசுந்தரி. நான்கு திக்கிலும் கோபுரம். மலையும் அடிவாரத்தில் இத்தனை பெரிய கோயிலும் கிரிவலமும் சேர்ந்திருப்பதால் திருவண்ணாமலை நினைவு வரும். உள்ளே நந்தி தீர்த்தம். வண்டுவன விநாயகரை வணங்கிவிட்டுச் சுற்றி வாருங்கள். ஆத்மநாதர் சந்நிதியில் ஆவுடை மட்டும் இருக்கும், பாணம் இருக்காது. லிங்கம் எங்கே என்று தேடாதீர்கள், அமைப்பே அப்படி. ஆவுடையார்கோயிலை அறிந்தவர்களுக்கு மாணிக்கவாசகரின் தொடர்பு உடனே தெரியும்.

திரிபுரசுந்தரி சந்நிதிக்கு ஒரு விசேஷம் உண்டு. அம்பாளுக்கு நாள்தோறும் பாதத்துக்கு மட்டுமே அபிஷேகம். எட்டு வாசனைப் பொருள்கள் சேர்ந்த அஷ்டகந்தத்தால் ஆன திருமேனி என்பது காரணம். முழுத் திருமேனிக்கும் அபிஷேகம் ஆண்டில் மூன்றே முறை: ஆடிப்பூர விழாவில், நவராத்திரி நவமியில், பங்குனி உத்திரத்தில். அந்த நாட்களில் போகிறவர்கள் வரிசையில் நிற்கத் தயாராகப் போங்கள். செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் முதல்நாளே வந்துவிடுவார்கள்.

சங்குத் தீர்த்தம்

மார்க்கண்டேயர் இங்கே சிவபூசை செய்ய வந்தபோது அபிஷேகத்துக்குப் பாத்திரம் இல்லாமல் தவித்தார், குளத்திலிருந்து சங்கு ஒன்று தோன்றியது என்பது கதை. அன்றுமுதல் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்த நன்னீர்க் குளத்தில் சங்கு பிறக்கிறது என்பது ஊரின் நம்பிக்கை. 2011-இல் ஒரு சங்கு வந்தது. அடுத்தது 2024 மார்ச்சில். நாட்கணக்குக் கறாராக இருக்காது. அந்தச் சமயம் நெருங்கும்போது குளத்தில் நுரை கட்டும், ஊர் முழுவதும் கரையில் காத்துக் கிடக்கும். சங்கு கரையொதுங்கியதும் குருக்கள் எடுத்து, பூசித்து, மேளதாளத்தோடு ஊர்வலமாகத் தாழக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். முன்பு கிடைத்த சங்குகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. கார்த்திகைக் கடைசிச் சோமவாரத்தில் 1008 சங்காபிஷேகம் நடக்கிறது. அந்த நாளில் மலையில் கூட்டம் நெரியும்.

சங்கு பிறப்பதையும் புஷ்கர மேளாவையும் பலர் ஒன்றென்று குழப்பிக்கொள்கிறார்கள். மேளா குரு கன்னி ராசிக்குப் பெயரும்போது நடப்பது. 2016 ஆகஸ்டில் நடந்தது. ஆகவே அடுத்தது 2028-இல். அன்று இந்தியாவின் எல்லாப் புண்ணிய நதிகளும் இந்தக் குளத்தில் கூடுகின்றன என்று நீராட லட்சக்கணக்கில் வருவார்கள். குடும்பத்தோடு வர நினைப்பவர்கள் இப்போதே நாட்குறிப்பில் எழுதிவைக்கலாம்.

குளத்தில் நீராடுவோர் படியிலேயே நின்று முழுகுங்கள். நீச்சல் தெரியும் என்று நடுவில் போவது வேண்டாம். பாசி வழுக்கும். சோப்பு, ஷாம்பு கொண்டுபோகாதீர்கள்.

எப்போது, எப்படி

பெருவிழா சித்திரையில், பத்து நாள். மூன்றாம் நாள் அறுபத்துமூவர் உற்சவம்; நாயன்மார்கள் மலையை வலம் வருவது கண்கொள்ளாக் காட்சி. ஏழாம் நாள் தேர். வெயில் கொடுமையாக இருக்கும், ஆனாலும் இந்த ஊரை அதன் முழு உயிரோடு பார்க்க அந்த நாள்தான். மலையையும் மண்டபத்தையும் அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மார்கழி, தை மாதத்துச் சாதாரண வார நாள்.

சென்னையிலிருந்து மின்சார ரயிலில் செங்கல்பட்டு வந்து, அங்கே பேருந்து நிலையத்தில் கல்பாக்கம் அல்லது மாமல்லபுரம் வண்டியில் ஏறினால் திருக்கழுக்குன்றத்தில் இறங்கிக்கொள்ளலாம். இதுவே செலவு குறைந்த, அலுப்பில்லாத வழி. கிளாம்பாக்கத்திலிருந்து பேருந்திலும் வரலாம். பேருந்து நிலையத்திலிருந்து கோயில் நடக்கும் தூரம். தங்க விரும்புவோருக்கு விடுதி வசதி மாமல்லபுரத்திலோ செங்கல்பட்டிலோதான் நன்றாக இருக்கும். ஊரில் காலைச் சிற்றுண்டிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் குறையில்லை.

மதியம் சாப்பிட்டபின் நேரம் இருந்தால் மாமல்லபுரத்துக்கு ஓடாமல் தென்கிழக்கே சதுரங்கப்பட்டினம் போங்கள். கல்பாக்கத்தை ஒட்டிக் கடலோரத்தில் டச்சுக் கோட்டை நிற்கிறது. உள்ளே ஒரு சிறு கல்லறைத் தோட்டம். 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளின் மேல் பலகைகளில் கப்பலும் குடும்பச் சின்னமும் நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். அது பூட்டியிருந்தால் காவலரிடம் கேளுங்கள், திறந்து காட்டுவார். மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். அதன்பின் கோட்டையில் வெளிச்சம் போதாது, திரும்பும் பேருந்துகளும் குறைந்துவிடும்.